தங்கச்சியின் ஒன்பது சதங்கள்

எங்கள் வயதுக்காரருக்கு வீடு துப்புரவாக்குவதில் இரண்டு விதம் தெரியும். விருந்தினர் வருகிறார்கள் என்றால் ஒரு விதம்: கூட்டித் துடைத்து, கதிரைகளில் கிடக்கும் உடுப்புகளை அள்ளி அறைக்குள் எறிந்து கதவைச் சாத்துவோம். இராணுவச் சுற்றிவளைப்பு என்றால் மற்ற விதம். அப்போது தூசி ஒரு பொருட்டே இல்லை. சோதனைக்கு வருகிறவனின் கண்ணை இரவல் வாங்கி எங்கள் வீட்டை நாங்களே பார்ப்போம். டோர்ச்சிலிருந்து பற்றரியைக் கழற்றி ஒளிப்போம். வரைபடப் புத்தகத்தில் எங்கள் மாவட்டம் இருக்கும் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் வைப்போம். பதினைந்து வயதில் அந்த வேலையில் எங்கள் வீட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை.

அந்தத் திறமை சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில், 2012 குளிர்காலத்தில் ஒரு காலை எனக்குத் திரும்பி வந்தது. என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. அவளுடைய சின்ன வயதில் எத்தனையோ நல்ல நாட்கள் இருந்திருக்கின்றன. நினைவு என்னைக் கொண்டுபோய் நிறுத்துவது அந்தக் குளிர்காலத்தில்தான்.

சதங்களிலிருந்து தொடங்குகிறேன்.

ஊரில் போர் முடிந்த வருடம், மார்கழியில், மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணா ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினார். அதற்குள் நான்கு புதிய ஒரு சதக் காசுகள் ஒட்டியிருந்தன. அந்த ஆண்டு அவர்கள் ஒரே சதத்தை நான்கு படங்களுடன் அடித்திருந்தார்களாம். ஒன்றில் மரக்குடிசை. ஒன்றில் மரக்குற்றியில் இருந்து புத்தகம் வாசிக்கும் பையன். ஒன்றில் பெரிய கட்டடத்தின் முன்னால் நிற்கும் மனிதர். கடைசியில் கட்டிமுடியாத ஒரு கோபுரக்கூரை. அவுஸ்திரேலியாவில் ஒரு சதத்தை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அப்படியொரு காசு உலகத்தில் இருக்கலாம் என்பதே அவளுக்கு அதிசயமாக இருந்தது. பிறகு அண்ணா அனுப்பிய பத்துச் சதம் ஐந்து சதத்தைவிடச் சின்னதாக இருந்ததைப் பார்த்து, "மாமாவின்ர நாட்டில எல்லாம் தலைகீழ்," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அதன்பின் அண்ணாவின் ஒவ்வொரு கடிதத்திலும் நாலைந்து காசு வரும். கடையில் மிச்சம் கொடுக்கும் சில்லறையில் பார்த்துப் பொறுக்குவாராம். ஓட்டை ஓட்டையாக வெட்டிய நீல மட்டைப் புத்தகம் ஒன்றையும் அனுப்பினார். ஒவ்வொரு ஓட்டைக்குக் கீழும் ஒரு வருடம் அச்சிட்டிருக்கும். காசை வைத்துப் பெருவிரலால் அழுத்தினால் 'டக்' என்று பொருந்தும். சில காசுகளில் வருடத்தின் கீழே கடுகு அளவில் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அது டென்வரில் அடித்தது. எழுத்து இல்லாவிட்டால் பிலடெல்பியா. இருப்பதையும் வேண்டியதையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாள்.

அந்த விளையாட்டுக்குள்தான் அவளுடைய சித்தப்பா வந்தார்.

என் கணவரின் தம்பி. போரின் கடைசி மாதங்களில், கூடாரங்களுக்கு நடுவே ஒரே நாளில் மனைவியையும் எட்டு வயது முடியாத மகளையும் இழந்தவர். வள்ளத்தில் வந்து, கிறிஸ்மஸ் தீவு முகாமில் நீண்ட காலம் கிடந்து, 2012 தொடக்கத்தில் தற்காலிக விசாவுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு சின்னப் பையும் ஒரு சோடிச் சப்பாத்தும். கராஜைத் தடுத்து அறையாக்கிக் கொடுத்தோம். விடிய மரக்கறி பொதி செய்யும் இடத்துக்கு வேலைக்குப் போவார். வந்து குளிப்பார், சாப்பிடுவார், கோப்பையைக் கழுவி வைப்பார். கேட்டால் மட்டும் பதில். சில நாட்களில் அதுவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை மகள் பூதக்கண்ணாடியையும் ஒரு சதத்தையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். பழைய சதங்களின் பின்புறத்தில் தூண்கள் வைத்த மண்டபம் ஒன்று இருக்கும்.

"சித்தப்பா, இதுக்குள்ள ஒரு ஆள் ஒளிச்சிருக்கிறார். கண்டுபிடியுங்கோ பாப்பம்."

அவர் வாங்கி ஜன்னல் பக்கம் திரும்பினார். நேரம் எடுத்தார்.

"ஓம். நடுத் தூணுகளுக்கு இடையில இருக்கிறார். கதிரையில."

"அம்மாவுக்குத் தெரியேல்லை. அப்பாவுக்கும் தெரியேல்லை."

"உன்ர கொப்பருக்கு முன்னால மாடு வந்து நிண்டாலும் தெரியாது."

பக்கத்து அறையில் என் கணவர் சிரித்தது எனக்குக் கேட்டது. எங்கள் வீட்டில் அவர் சொன்ன முதல் பகிடி அது.

அன்றிலிருந்து வேலையால் வந்ததும் இருவரும் சாப்பாட்டு மேசையில் இருப்பார்கள். அவருக்கு இங்கிலீஷ் அதிகம் வராது. அவளுக்குத் தமிழில் அரைவாசிதான் வரும். அவருக்காகத் தமிழில் கதைக்கப் பழகினாள். மண்டரின் தோடம்பழத்தை உரித்துத் தின்றுகொண்டு காசுகளைப் பிரிப்பார்கள். ஹீற்றரின் சூட்டில் அந்தத் தோல் வாசம் வீடு முழுக்க இருக்கும். பிறகு மகளுக்குத் தலை இழுத்துப் பின்னும்போது அவள் விரல்களில் செம்பு மணக்கும். நான் அடுத்த பக்கம் குசினியில் கறி தாளித்துக்கொண்டு நிற்பேன், புகை உறிஞ்சும் விசிறியைப் போட்டுவிட்டு. அவர் குரல் அசைவது தெரியும், சொல் கேட்காது. மனிதன் கதைக்கிறாரே, போதும் என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாளாவது விசிறியை நிற்பாட்டியிருக்கலாம்.

அங்கே என்ன நடந்தது என்பதை எனக்குப் பிறகு சொன்னவள் மகள்தான். அழுது அழுது, பாதி இங்கிலீஷில் சொன்னாள்.

மட்டைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வருடம் அச்சிடாத ஓட்டைகள் இருந்தன. அவற்றில் ஒரு வரிசையை மகள் தங்கச்சிக்கு என்று ஒதுக்கியிருக்கிறாள். தங்கச்சி என்றால் சித்தப்பாவின் மகள். என் மகள் அவளை நேரில் கண்டதில்லை. அந்தச் சிறுமி பிறந்த 2001இலிருந்து 2009 வரை, அவள் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு சதம். எல்லாம் ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. அண்ணாவின் அடுத்த கடிதத்துக்காக இருவரும் காத்திருப்பார்கள். ஒரு வருடம் கிடைத்தால் அந்தக் காசை அழுத்துவதற்கு முன் சித்தப்பா அந்த வருடத்துத் தங்கச்சியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். அது மகள் போட்ட சட்டம். 2003: மூக்குக்குள் பாசிமணி ஒன்றை விட்டு ஆஸ்பத்திரி வரை போனது. 2006: பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று சைக்கிள் பாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. 2007: விசிலடிக்கப் பழகியது. தாய் ஏசினாளாம், தகப்பன் ஒளித்து ஒளித்துச் சொல்லிக்கொடுத்தாராம். மற்ற வருடங்களை மகள் எனக்குச் சொல்லவில்லை. கேட்கும் தகுதியும் எனக்கு இருக்கவில்லை.

கடைசிக் காசுக்கு வந்தபோது அவள் கேட்டிருக்கிறாள்: "எந்த ரெண்டாயிரத்து ஒம்பது வைக்கிறது? நாலு இருக்கு."

"குடிசை வேண்டாம்."

"அப்ப இது? படிக்கிறது. ஆனா இது பாய், சித்தப்பா. தங்கச்சி கேர்ள்."

"பரவாயில்லை. கையில புத்தகம் இருக்குத்தானே. அதை வை."

அந்த வரிசையை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். கூடிப்போன காசுகள் என்று நினைத்திருந்தேன்.

யூலை விடுமுறை தொடங்கி இரண்டாம் நாள் குடிவரவுத் திணைக்களத்திலிருந்து தொலைபேசி வந்தது. வரும் வியாழக்கிழமை இரண்டு அதிகாரிகள் வீட்டுக்கு வருவார்கள், அவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்க. அவ்வளவுதான் சொன்னார்கள். நான் ஒரு மருத்துவப் பரிசோதனைக்கூடத்தில் பதினைந்து வருடமாக வேலை செய்கிறவள். காகிதம் படித்தால் விளங்கும். ஆனாலும் பயம் வந்தது. அன்று பின்னேரம் ஸ்ரேசனுக்குப் பக்கத்துக் கடையில் இடியப்பம் வாங்க நின்றபோது தெரிந்த அன்ரி ஒருவரிடம் வாய்விட்டுவிட்டேன்.

"வீடு பாக்க வருகினமோ? பிள்ளை, கவனம். ஒரு வீட்டில மேசை லாச்சி, அலுமாரியெல்லாம் திறக்கச் சொன்னவையாம்."

"இஞ்ச அப்பிடிச் செய்வினமே, அன்ரி?"

"ஆருக்குத் தெரியும். ஊரிலயும் முதல் சும்மாதானே வந்தவங்கள்."

இரண்டு பை இடியப்பத்தோடு அவர் போய்விட்டார். நான் அந்த வசனத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வியாழன் காலை. கணவர் வேலைக்குப் போய்விட்டார். அவருடைய தம்பி அன்று லீவு எடுத்து, கராஜில் சேர்ட்டுக்கு அயன் பிடித்துக்கொண்டிருந்தார். மகள் நித்திரை. நான் வரவேற்பறையில் நின்று, பதினைந்து வயதில் பார்த்த அதே விதமாக என் வீட்டைப் பார்த்தேன். அலுமாரியில் அமெரிக்க முத்திரை குத்திய கடித உறைகள், பெரிய கட்டு. வெளிநாட்டுக் காசு நிறைந்த புத்தகம். கையில் எதுவும் இல்லாமல் வந்தவன் என்று அகதி விண்ணப்பத்தில் எழுதிக்கொடுத்தவரின் வீட்டில். கொப்பியைத் திறந்தேன். அவருடைய தமிழ்க் கையெழுத்தில்: '03 டி இருக்கு. 05 டி வரவேணும். 08 மாமாவிட்டக் கேட்டாச்சு.' எங்கள் வகுப்புப் பையன் ஒருவனை, கொப்பியில் இலக்கங்கள் எழுதி வைத்திருந்தான் என்று கொண்டுபோனார்கள். அவை கிரிக்கெட் ஓட்டங்கள்.

காசுகளைப் புத்தகத்தின் பின்புறத்திலிருந்து பெருவிரலால் தள்ளினேன். ஒவ்வொன்றும் பாண் சுற்றிவந்த பொலித்தீன் பைக்குள் விழுந்தது. கடைசிப் பக்கத்திலிருந்த ஒன்பதும் விழுந்தன. அவை மற்றவற்றைவிட இறுக்கமாக இருந்தன என்று எனக்கு ஒரு நினைவு. உண்மையோ, பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டதோ தெரியாது. கொப்பியைக் கிழித்து மீன் கழிவோடு சுற்றினேன். வெறும் மட்டைப் புத்தகத்தை அலுமாரியிலேயே விட்டு, மற்ற எல்லாவற்றையும் குப்பைத் தொட்டியில் போட்டேன். வியாழன் எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் நாள். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, லொறி தன் இரும்புக் கையால் தொட்டியைத் தூக்கிக் கவிழ்ப்பதைப் பார்த்தேன். எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. அதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். நல்ல வேலை செய்து முடித்த நிம்மதி அது.

பதினொரு மணிக்கு வந்தார்கள். ஒரு பெண்ணும் ஒரு ஆணும். சப்பாத்தைக் கழற்றவா என்று கேட்டார்கள். லாச்சி எதையும் தொடவில்லை. நித்திரை வருகிறதா, கராஜுக்குள் குளிரவில்லையா, இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறாரா, புகை வந்தால் கத்தும் மணி வேலை செய்கிறதா. இவ்வளவும்தான். தேத்தண்ணி குடித்தார்கள். போகும் நேரம் அந்தப் பெண், ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று அவரிடம் கேட்டாள். அவர் சொல் தேடிக்கொண்டு நின்றார். மகள் முந்திக்கொண்டாள்.

"நாங்கள் காசு சேர்க்கிறோம். அமெரிக்கச் சதம்," என்று இங்கிலீஷில் சொன்னாள்.

"அப்படியா, என்னுடைய அப்பாவும் சேர்த்தார். பார்க்கலாமா?" அந்தப் பெண் உண்மையாகவே சந்தோசப்பட்டாள்.

மகள் ஓடினாள். அலுமாரிக் கதவு திறந்த சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் கைகளைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஊர்க்காரருக்கு அதற்கு அதிக நேரம் தேவையில்லை.

மகள் வெறும் மட்டைப் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்றாள். ஓட்டைகளுக்குள்ளால் அவளுடைய ஸ்வெட்டரின் சிவப்புத் தெரிந்தது.

"ஆர் எடுத்தது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சொன்னார்: "நான்தான் பிள்ளை. விடிய எறிஞ்சுபோட்டன்."

"தங்கச்சியின்ரயுமா?"

"ஓம்."

"ஏன், சித்தப்பா?"

"பயந்துபோனன்."

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் விளங்கவில்லை. மகளின் தோளைத் தொடப் போனாள். மகள் விலகிக்கொண்டாள். நான் கோப்பைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வசனம் சொல்ல எனக்கு வாய்ப்பு இருந்தது. அவர்கள் போன பிறகும் இருந்தது. மகள் அறைக்குள் படுத்து அழுது, அந்த வரிசையின் கதை முழுவதையும் என் மடியில் கிடந்து சொல்லி, "எப்பிடி அம்மா அவர் அதைச் செய்யலாம்?" என்று கேட்டபோதும் இருந்தது. நான் அவள் தலையைத் தடவினேன்.

அதன்பின் அவள் அவரோடு பேசவில்லை. மேசையில் அவர் இருந்தால் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போவாள். அவர் பழையபடி கோப்பையைக் கழுவி வைக்கும் மனிதரானார்.

நான் ஒளித்து அண்ணாவுக்கு எழுதி, 2001 முதல் 2009 வரை ஒவ்வொன்று கேட்டேன். ஐப்பசியில் வந்தது. மகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் குசினியில் கணவரின் தம்பியின் கையில் கொடுத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து வருடத்தைப் பார்த்தார். குடிசை போட்ட 2009ஐ அனுப்பியிருந்தார் அண்ணா. அதைப் பார்த்தவர் எல்லாவற்றையும் உறைக்குள் திருப்பிப் போட்டு மேசையில் வைத்தார்.

"அண்ணி, நீங்கள் இதை யோசிச்சு உருகாதேங்கோ. நானும் இதே வேலை செய்தவன்தான்."

நான் அடுப்பை நிற்பாட்டினேன்.

"ஆமிப் பக்கம் வாறதுக்கு முதல் நாள். அவளின்ர படம் ஒண்டு என்னட்ட இருந்தது. ஒண்டே ஒண்டு. தாய்மாமன்ர மடியில இருக்கிறாள். அவன் இயக்க உடுப்போட. அதோட பிடிபட்டா என்ன நடக்கும் எண்டு தெரியுந்தானே. போத்திலுக்குள்ள போட்டு ஒரு புளியமரத்துக்குக் கீழ தாட்டுப்போட்டு வந்தனான்."

மேசையில் இருந்த உறையின் வாயை மடித்து அழுத்தினார்.

"அவனைக் கிழிச்சு எறிஞ்சுபோட்டு அவளின்ர பாதியை வைச்சிருக்கலாம். அது அண்டைக்கு மூளையில வரேல்லை. வள்ளத்தில ஏறி நடுக்கடலுக்கு வந்தாப் பிறகுதான் வந்தது."

"தம்பி..."

"இஞ்ச அந்த வரிசை இருக்குமட்டும் எனக்கு மனசில அந்தரம் இருக்கேல்லை, அண்ணி. இப்ப ஒவ்வொரு நாளும் அந்த மரம் வருது."

தைக்குப் பிறகு, தன் விருப்பத்தோடு திரும்பிப் போகிறேன் என்று கையெழுத்து வைத்தார். என் கணவர் கத்தினார். "உனக்கென்ன விசரோ? எல்லாரும் உயிரைக் குடுத்து இஞ்ச வாறாங்கள், நீ அங்க போறியோ?" அவர் தன் கோப்பையைக் கழுவி வைத்தார். ஏன் போகிறார் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

விமான நிலையத்துக்கு மகள் வரவில்லை. தலையிடி என்றாள். கணவர் வண்டி நிறுத்தப் போன இடைவெளியில் அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஒருநாளைக்குப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ, நான் எறியேல்லை எண்டு. இப்ப வேண்டாம். உங்களோட கோவிச்சா அவளுக்கு வேற ஆர் இருக்கினம். கொஞ்சம் வளரட்டும்."

சொல்கிறேன் என்றேன்.

மகள் வளர்ந்துவிட்டாள். வேலைக்குப் போகிறாள். தமிழில் கதைப்பாள், அவர் பழக்கிய தமிழ். வாசிக்கத் தெரியாது. அதனால்தான் இதை எழுத எனக்குக் கை வருகிறது. உங்களில் எத்தனை பேர் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களோ தெரியாது.

அவர் போய் நாலைந்து மாதத்துக்குப் பிறகு வந்த அழைப்பைச் சொல்லி முடிக்கிறேன். கொழும்பில் இறங்கியதும் விசாரித்தார்களாம், இரண்டு நாளில் விட்டார்களாம். பிறகு அந்த இடத்துக்குப் போயிருக்கிறார்.

"மரம் நிக்குது, அண்ணி. ஆனா நிலம் முழுக்க மெஷின் விட்டு நிரவியிருக்கு. எந்தப் பக்கம் எண்டு பிடிபடேல்லை. இந்தப் பக்கம் கிண்டிப் பாத்திட்டன். மற்றப் பக்கம் ஆமியின்ர வேலிக்கு அங்கால போயிட்டுது. விடமாட்டினமாம்."

"கேட்டுப் பாக்கேலாதே?"

"என்னெண்டு கேக்கிறது? ஆரின்ர மடியில இருக்கிற படம் எண்டு சொல்லுறது?"

தொலைபேசியில் காற்று இரைந்தது. பிறகு அவர் கேட்டார்: "வளரட்டும் எண்டு நான்தான் சொன்னது. எண்டாலும், பிள்ளைக்குச் சொன்னனீங்களோ?"

அடுத்த அறையில் மகள் கணினியில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் தம்பி. சொன்னனான்."

"என்ன சொன்னவள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. கேட்டுக்கொண்டு இருந்தவள்."

"நிக்கிறாளோ? ஒருக்காக் குடுங்கோவன், ரெண்டு சொல்லுக் கதைப்பம்."

"இல்லை, வெளியில போயிட்டாள்."

அவளுடைய சிரிப்பு அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். சுவர் அவ்வளவு தடிப்பில்லை.

"சரி அண்ணி," என்றார். "விருப்பமில்லாட்டி விடுங்கோ. பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதேங்கோ."